கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ "கச்சான்" என்று சொன்னால் வறுத்த நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். மட்டக்களப்புப் பக்கத்தில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட சுடுகாற்றையும் அங்குள்ளவர்கள் கச்சான் என்றே அழைக்கின்றனர். வயலையும் வாவியையும் வற்றவைக்கின்ற அந்தக் காற்றுக்குத்தான் உலகத் தேயிலைச் சந்தையில் ஊவா மாகாணம் பெற்றிருக்கும் பெயரில் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து இலங்கையின் மேற்கு மலைச்சரிவுகளில் மோதுகிறது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமிழந்த காற்றாக மலைமுகடுகளைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கத்தினால் சூடாகும். சூடாகும் காற்று இன்னும் வறண்டுபோகும். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் இதே வகைக் காற்றைப் "ஃபோன்" என்பர். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை, மடுல்சீமை, நமுனுகலை என்று நீளும் மலைகளில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை பகலில் வெயிலும் காற்றும், இரவில் குளிருமாக நாட்கள் கழியும். இந்தச் சில வாரங்களில் பறிக்கப்படும் கொழுந்தில்தான் "ஊவா வாசம்" பிறக்கிறது. ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓர் ஆகஸ்ட் மாதம், பசறைக்கு அப்பால் இருந்த தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த பெரியவர், அரைத்துப் பரப்பியிருந்த இலையில் ஒரு பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டினார். "தம்பி, என்ன வாசம் வருது, சொல்லுங்க பாப்போம்" என்றார். நான் தயங்கித் தயங்கி, "வலிக்குப் பூசுகிற தைலம் மாதிரி இருக்கிறது, ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "அதுதான் ஊவா. அந்த வாசம் வந்துட்டா வெல வந்துட்டுதுன்னு அர்த்தம்" என்றார்.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற ஒரு தாயிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்த மாதத்தில் தேயிலைக்கு நல்ல விலையாமே என்று கேட்டேன். அவர் தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "காத்து வந்தா தேயிலைக்கு வெல, நமக்கு அரப்பேருங்க ஐயா." அன்றைய செய்தியில் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று பின்னர் பலமுறை நினைத்ததுண்டு. டீமேக்கர் சொன்னதும் அந்தத் தாய் சொன்னதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் வாசத்தைப் பார்ப்போம். என் மூக்கு பொய் சொல்லவில்லை. ஊவாத் தேயிலையின் மணத்தில் முதன்மையாக நிற்பது மெதில் சலிசிலேட் என்ற சேர்மம். வலித்தைலங்களில் சேர்க்கப்படும் விண்டர்கிரீன் எண்ணெயின் சாரமும் அதுவே. அதனுடன் மலர் மணம் தரும் லினலூல் போன்றவையும் கூடிவருகின்றன. ஜப்பானில் தேயிலை மணத்தைப் பற்றிய வேதியியல் ஆராய்ச்சிக்கு வழிகோலியவர்களுள் ஒருவரான தெய் யமனிஷி என்ற பெண் அறிவியலாளர், இலங்கைத் தேயிலையின் பருவகால மணத்தையும் பகுத்தாராய்ந்தவர். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். எல். விக்கிரமசிங்க, காலநிலைக் காரணிகள் எவ்வாறு தேயிலையில் மணத்தை உண்டாக்குகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1974-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். காற்றும் குளிரும் இலைக்கு வெளியே நடக்கும் வானிலைச் செய்திகள் மட்டுமல்ல, இலைக்குள்ளே நடக்கும் உயிர்வேதியியல் மாற்றங்களின் தூண்டுகோல்களும்கூட என்ற பார்வை அதில் இருந்தது.

தேயிலைச் செடிக்கு ஓடத் தெரியாது. வறண்ட காற்று வீசும்போது ஒதுங்க நிழல் தேடவும் முடியாது. நின்ற இடத்திலேயே தன் உடலின் இயக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் அதற்குள்ள ஒரே வழி. மண்ணில் ஈரம் குறைந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. அதன் கட்டளைப்படி இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் வெளியேறுவது குறையும். ஆனால் அதே துளைகள் வழியாகவே கரியமிலவாயு உள்ளே வரவேண்டியிருப்பதால் உணவு தயாரிப்பும் குறையும். வளர்ச்சி தளரும். உயிரணுக்கள் நீரைப் பிடித்துவைக்கப் புரோலின் போன்ற சிறு சேர்மங்களைச் சேர்த்துக்கொள்ளும். செடியின் உழைப்பு வளர்வதிலிருந்து தற்காப்புக்குத் திரும்புகிறது.

மெதில் சலிசிலேட் இத்தகைய தற்காப்புக்கு உரிய பொருள்களில் ஒன்று. அதன் தாய்ச்சேர்மமான சலிசிலிக் அமிலம், நாம் விழுங்கும் அஸ்பிரினின் நெருங்கிய உறவு. 1979-ல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். எஃப். வைட் என்பவர் புகையிலை இலைகளுக்கு அஸ்பிரினைச் செலுத்திப் பார்த்தபோது, வைரஸ் நோயை எதிர்க்கும் ஆற்றல் அவற்றுக்குக் கூடியது. சலிசிலிக் அமிலம் செடிகளின் அபாய அறிவிப்பு என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. மெதில் சலிசிலேட் அந்த அறிவிப்பைச் செடியின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குக் கொண்டுசெல்லும் தூதன் என்று 2007-ல் புகையிலையில் காட்டப்பட்டது.

உயிருள்ள இலையில் இந்த வாசப்பொருள்கள் பெருமளவில் சர்க்கரையுடன் பிணைக்கப்பட்டு, மணமற்ற நிலையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை விடுவிக்கும் நொதி உயிரணுச் சுவரில் வேறாக இருக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, ரோலரில் இட்டு நசுக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. அப்போதுதான் வாசம் வெளிவருகிறது. ஜப்பானில் கன்சோ சகாத்தா குழுவினர் தொண்ணூறுகளில் இந்தப் பூட்டையும் சாவியையும் விரிவாக விளக்கினர். மலையில் செடி பட்ட பாட்டைத் தொழிற்சாலையில் டீமேக்கர் வாசமாகத் திறந்துவிடுகிறார் எனலாம்.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. தாய்வானின் "ஒரியண்டல் பியூட்டி" தேநீரின் தேன் மணம், சிறு தத்துப்பூச்சி கொழுந்தைக் கடிப்பதால் செடி காட்டும் எதிர்ப்பிலிருந்து உண்டாவது. டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையின் புகழ்பெற்ற மணத்திலும் பூச்சிக்கடிக்குப் பங்குண்டு. ஆனால் அளவு முக்கியம். மிதமான நெருக்கடி மணத்தைத் தருகிறது. நெருக்கடி எல்லை மீறினால் கொழுந்து முனையடங்கி நின்றுவிடும். அதற்கும் மேலே போனால் செடியே கருகும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஊவாவின் மலைகள் முதலில் தேயிலை மலைகளாக இருக்கவில்லை. அவை கோப்பி மலைகள். செடிகளுக்கு வரும் நெருக்கடி ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றியதற்கு உலகம் காட்டும் பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இதே பதுளை மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1869-ல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியலாளர் பெர்க்லி அதற்கு "ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ்" என்று பெயரிட்டார். நாசகாரி என்பது அப்பெயரின் பிற்பகுதியின் பொருள். பெயருக்கேற்ப அது நடந்துகொண்டது.

1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி அந்நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆங்கிலேயர், வித்துகள் காற்றில் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். அவர் மருந்தொன்றைக் கண்டு தருவார் என்று எதிர்பார்த்த தோட்டத்துரைமார் ஏமாந்தனர். எண்பதுகளின் இறுதிக்குள் கோப்பி வீழ்ந்துவிட்டது. 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1890-ல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924-ல் இரயில் பாதை பதுளையை எட்டியது.

அக்காலத் தேயிலை விதைத் தேயிலை. அயல்மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் விதை என்பதால் ஒரு மலையில் பத்தாயிரம் செடி நின்றால் அவை பத்தாயிரம் வகை. சில நன்றாகத் துளிர்க்கும், சில துளிர்க்காது; சில நோயைத் தாங்கும், சில தாங்காது. ஆனால் ஒன்று வீழ்ந்தாலும் ஒன்று நிற்கும். மேலும் விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் உண்டு. அது மலையின் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப்போகும்.

1925-ல் சட்டத்தின் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. நுவரெலியாவில் தொடங்கிப் பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்துக்கு இடம்மாறிய அந்நிலையம் 2025-ல் நூறாண்டைத் தொட்டது. பசறையில் அதன் ஊவாப் பிராந்திய நிலையம் இயங்கிவருகிறது. முப்பதுகளில் அங்கு பணியாற்றிய எஃப். ஆர். டப்ஸ், நல்ல தாய்ச்செடியொன்றின் இளந்தண்டை வெட்டி வேர்பிடிக்கவைத்து அதே குணமுள்ள செடிகளைப் பெருக்கும் முறையை ஆராய்ந்தார். ஒரே இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டு போதும் என்ற நிலை பின்னர் வந்தது. தோட்டத்து மக்கள் இன்று "வீ.பி. தேயிலை" என்று சொல்வது இதைத்தான். தவறணைகளில் பொலித்தீன் பைகளில் வரிசையாக நிற்கும் கன்றுகள் அனைத்தும் ஒரு தாயின் நகல்கள்.

ஊவாத் தோட்டங்களே இத்தெரிவில் பங்களித்தன. யூ.எச். 9/3 என்ற இனத்தின் பெயரில் ஊவா ஹைலண்ட்ஸ் தோட்டமும், என்.ஏ.வை. 3 என்பதில் நயாபெத்தையும் ஒளிந்திருக்கின்றன. ஆனால் நாடெங்கும் பரவியவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரு தாய்ச்செடியின் வழிவந்த டி.ஆர்.ஐ. 2020 வரிசை இனங்கள். விளைச்சலை அவை பெருக்கின என்பதில் ஐயமில்லை. இன்று இலங்கைத் தேயிலை நிலத்தில் பாதிக்கு மேல் வீ.பி. தேயிலையே.

ஆனால் இரண்டு குறைகளும் கூடவே வந்தன. வெட்டுத்துண்டில் வளர்ந்த செடிக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. மேல்மண் காய்ந்தால் அது முதலில் வாடும். அடுத்தது, ஒரு தாயின் பிள்ளைகளே எங்கும் நிற்கும்போது மரபு அகலம் சுருங்கிவிடுகிறது. மடுல்சீமையில் 1869-ல் கோப்பி சொல்லித்தந்த பாடம் இதுவல்லவா என்று கேட்கத் தோன்றுகிறது.

சோதனை விரைவிலேயே வந்தது. 1992-ல் நாட்டை வாட்டிய வறட்சியில், முந்திய ஆண்டு ஏறத்தாழ 24 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி சுமார் 18 கோடி கிலோவாக வீழ்ந்தது. நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்த காலம் அது. அரசின் கையிலிருந்த தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். எல்லோரும் நிர்வாக மாற்றத்தைப் பற்றியே எழுதினோம். செடிகள் ஏன் செத்தன, சில ஏன் சாகவில்லை என்று கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே.

பயிர் இனவிருத்தியாளர்களுக்கு அந்த "ஏன் சாகவில்லை" என்ற கேள்விதான் மூலதனம். டி.ஆர்.ஐ. 2023, டி.ஆர்.ஐ. 2025 ஆகிய இரண்டும் ஒரு தாய் மக்கள். ஆயினும் முன்னது வறட்சியில் எளிதில் தளர்வதாகவும் பின்னது தாங்கி நிற்பதாகவும் அறியப்பட்டு, ஆய்வுகளில் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டு வந்துள்ளன. இலைத்துளைகளை எப்போது மூடுகிறது, இலையில் எவ்வளவு நீரைத் தக்கவைக்கிறது, எந்தச் சேர்மங்களைச் சேர்க்கிறது, வேரில் எவ்வளவு மாப்பொருள் வைத்திருக்கிறது என்பன அளக்கப்படுகின்றன.

இவற்றுள் வேர் மாப்பொருளைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். கவ்வாத்துக்கு முன் வேர்த்துண்டொன்றை வெட்டி அயடின் விட்டால், சேமிப்பு இருக்குமாயின் கருநீலமாகும். நிறம் மாறாவிட்டால் வெட்டக்கூடாது. இலையிழந்த செடிக்கு மீண்டும் துளிர்க்க வேரில் கைமுதல் இல்லை என்று பொருள். வறட்சியில் ஏற்கெனவே வேரின் சேமிப்பைச் செலவழித்துவிட்ட செடியைக் கவ்வாத்துச் செய்து கொன்ற தோட்டங்கள் உண்டு. செடியின் உடலியலை அறியாத நிர்வாகம் எவ்வளவு செலவு மிக்கது என்பதற்கு இது போதும்.

2020 வரிசைக்குப் பின்னர் 3000, 4000 வரிசை இனங்களும் வந்தன. ஆனால் தேயிலை இனவிருத்தி பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு கலப்பிலிருந்து தோட்டத்துக்குப் பரிந்துரைக்கத்தக்க ஓர் இனம் உருவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். 2017-ல் அசாம் வகையினதும் 2018-ல் சீன வகையினதும் முழு மரபணுத் தொகுதி சீனாவில் வெளியிடப்பட்ட பின், கன்றுப் பருவத்திலேயே மரபுக் குறிகளைப் பார்த்துத் தெரிவுசெய்யும் வழி திறந்துள்ளது. அதற்கும் கைவசம் பல்வகைச் செடிகள் இருக்க வேண்டும். அகற்றப்படும் ஒவ்வொரு பழைய விதைத் தேயிலை மலையோடும் எந்தக் குணம் மறைகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. நூற்றாண்டாகக் கச்சானைத் தாங்கிநின்ற செடிகள் அவற்றுள் இருக்கின்றன.

ஊவாவுக்கு இதில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. இங்கு செடியின் துன்பமே சரக்கின் பெருமை. துன்பத்தையே உணராத ஓர் இனத்தை உருவாக்கினால் வாசம் என்னாகும்? விளைச்சலை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஊவாவின் பெயர் போகும். வாசத்தை மட்டும் வைத்தால் வறட்சியில் மலை போகும். வறட்சியில் உயிரோடு நின்று, ஆனால் அதற்கு மறுமொழி சொல்லவும் தெரிந்த செடிதான் ஊவாவுக்குத் தேவை.

காலநிலையும் முன்போல் இல்லை. வறட்சி நீள்கிறது, மழை வந்தால் மலையையே சரிக்கிறது. 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் பெரும் உயிரிழப்பைக் கண்டது. இயற்கை தரும் நெருக்கடி போதாதென்று அரசும் ஒன்றைத் தந்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியபோதும், ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது.

இப்போது அந்தத் தாயின் வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். நாட்சம்பளம் 2021-ல் 1000 ரூபாவாகவும் 2024-ல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால் முழுப்பேர் விழ வேண்டுமானால் 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கொழுந்து கேட்கிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் செடி வளர்ச்சியை நிறுத்தி வாசத்தைச் சேமிக்கிறது. கொழுந்து சிறுத்துப்போகிறது. அதே நேரம் நின்றும் நடந்தும் கூடை நிரம்பாது, பேர் அரைப்பேராகும். சந்தையில் எந்தத் தேயிலைக்கு அதிக மதிப்போ அந்தத் தேயிலையைப் பறிக்கும் நாளில்தான் பறித்தவருக்குக் கூலி குறைகிறது. இது இயற்கையின் குற்றமன்று. நிறையை மட்டும் பார்த்துக் கூலி கொடுக்கும் கணக்கின் குற்றம். தரத்துக்கு விலை வாங்கத் தெரிந்தவர்களுக்குத் தரத்துக்குக் கூலி கொடுக்கத் தெரியாமல் போவதற்கு நியாயமில்லை. வாசப் பருவத்தில் கிலோ அளவைக் குறைப்பதற்கோ, ஏல விலையில் ஒரு பங்கைப் பறித்தவருக்குச் சேர்ப்பதற்கோ புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் தன் இரண்டாம் நூற்றாண்டில் வறட்சி தாங்கும் இனங்களைத் தேடும், தேடவேண்டும். வேரில் கைமுதல் இல்லாத செடியை வெட்டாதே என்று அயடின் சோதனை சொல்லித்தந்ததை நிர்வாகங்கள் செடிகளுக்கு மட்டும் கடைப்பிடித்தால் போதாது. அன்று மாலை அந்தத் தாய் தன் அரைப்பேரை ஏற்றுக்கொண்டு லயத்துக்குப் போனார். கூடையின் கயிறு அழுத்திய நெற்றியில் இரவில் அவர் பூசியிருக்கக்கூடிய தைலத்திலும், அவர் பறித்த கொழுந்திலும் மணந்தது ஒரே பொருள்தான். ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். மற்றதற்கு அவருக்குக் கிடைக்கவேண்டிய காசு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.